மீரா: மங்கி மறைந்து மீண்டு வரும் முதிய விண்மீன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திமிங்கிலம் என்ற விண்மீன் கூட்டத்தில் மீரா என்று ஒரு விண்மீன் இருக்கிறது. சில மாதங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும். அப்புறம் மெல்ல மங்கி, இருந்த இடமே தெரியாமல் போய்விடும். பதினோரு மாதத்தில் திரும்பவும் அதே இடத்தில் வந்து நிற்கும். பல ஆண்டுகளாக மொட்டை மாடியிலிருந்து இதன் ஒளியைக் குறித்து வருகிறேன். கூட வந்து பார்த்தவர்களும் நான் சொல்லக் கேட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மீரா எப்படிப்பட்ட விண்மீன்?

வயதான விண்மீன். இளமையில் கிட்டத்தட்ட நம் சூரியனைப் போலத்தான் இருந்திருக்கும். நடுவில் இருந்த ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்தது, அதன்பின் ஹீலியமும் எரிந்து தீர்ந்தது. இப்போது உடல் ஊதிப் பெருத்து, மேற்பரப்பு குளிர்ந்து, சிவந்து நிற்கிறது. இந்த வகையைத்தான் சிவப்பு அரக்கன் என்கிறோம். அதிலும் மீரா கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

எண்களில் சொன்னால்: தொலைவு சுமார் 300 ஒளியாண்டு. நிறை சூரியனைப் போல ஏறக்குறைய 1.2 மடங்கு. ஆரம் சூரியனைப் போல சுமார் 350 மடங்கு. மேற்பரப்பு வெப்பநிலை 3,000 கெல்வினை ஒட்டி ஏறி இறங்கும். சூரியனுக்கு 5,800 கெல்வின். வெளியே கொட்டும் மொத்த ஆற்றல் சூரியனைப் போல பல ஆயிரம் மடங்கு. இவற்றைக் கல்லில் செதுக்கிய எண்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்மீனே பதினோரு மாதத்துக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது, எண்களும் அதனோடு சேர்ந்து மாறும்.

பக்த மீராவின் பெயரையா வைத்தார்கள்?

இல்லை, ஒலி ஒற்றுமை மட்டும்தான். லத்தீனில் மீரா என்றால் அதிசயமானது, வியக்கத்தக்கது என்று பொருள். 1662-இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய போலந்து வானியலாளர் ஹெவேலியஸ் அந்தப் பெயரை நிலைக்க வைத்தார்.

அதிசயம் என்று சொல்லக் காரணம் இருந்தது. 1596 ஆகஸ்டில், இன்றைய ஜெர்மனியின் வடமேற்குக் கோடியில் உள்ள கிழக்கு ஃபிரிசியாவில் டேவிட் ஃபேப்ரிசியஸ் என்ற பாதிரியார், கோள் ஒன்றின் இடத்தை அளப்பதற்காக அக்கம்பக்கத்து விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் குறித்திராத ஒரு விண்மீன் அங்கே இருந்தது. சில வாரங்களில் பொலிவு கூடி, அக்டோபருக்குள் மறைந்துவிட்டது. புதிதாகத் தோன்றி அணைந்த விண்மீன் என்றே அவர் நினைத்தார். 1609-இல் அதே இடத்தில் அது மறுபடி நின்றது. இடையில் 1603-இல் யோகான் பேயர் தன் வான வரைபடத்தில், மாறும் விண்மீன் என்பது தெரியாமலேயே, ஒமிக்ரான் என்ற கிரேக்க எழுத்தைக் கொடுத்து இதைச் சேர்த்திருந்தார். 1638-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹோல்வார்டா இது பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவதைக் கண்டறிந்தார்.

விண்ணில் எதுவும் மாறாது என்று படித்தவர்கள் நம்பியிருந்த காலம் அது. ஒரே விண்மீன் அணைந்து அணைந்து எரிகிறது என்பது அவர்களை எப்படி உலுக்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு மங்குகிறது?

விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்ணுக்குப் பொலிவெண் என்று பெயர். மீராவுக்கு வழக்கமான உச்சத்தில் அது 3 அல்லது 3.5. அடிமட்டத்தில் 9-ஐத் தொடும். சில முறை உச்சத்தில் 2 வரை வந்திருக்கிறது. 1779-இல் வில்லியம் ஹெர்ஷல் பார்த்தபோது, ஏறத்தாழ ரோகிணி அளவுக்குப் பிரகாசமாக நின்றது.

பொலிவெண் கூடக்கூட விண்மீன் மங்கலாகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 5 எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு ஒளி வித்தியாசம். அப்படியானால் 3-க்கும் 9-க்கும் நடுவே சுமார் 250 மடங்கு. 2-லிருந்து 10-க்கு இறங்கினால் ஏறக்குறைய 1,600 மடங்கு. ஏறுவதற்கு மூன்றரை மாதம் போலவும், இறங்குவதற்கு அதைப்போல இரு மடங்கும் ஆகிறது. சராசரி சுற்று 332 நாள், ஆனால் ஒவ்வொரு சுற்றும் சில நாள் முன்பின்னாக வரும்.

இந்த 100 மடங்குக் கணக்கை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். ஐந்தாண்டு கழித்து அவர் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1891-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். இன்று உலகில் எந்த விண்மீனின் பொலிவை யார் எழுதினாலும் அவர் அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

ஆயிரம் மடங்கு மங்கினால் விண்மீன் அணைந்து அணைந்து எரிகிறது என்றுதானே பொருள்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். இல்லை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளிதான் அந்த அளவுக்குக் குறைகிறது. எல்லா அலைநீளத்தையும் சேர்த்துக் கூட்டினால், மீரா வெளியிடும் மொத்த ஆற்றல் இரண்டு மூன்று மடங்குக்குள்தான் ஏறி இறங்குகிறது.

மீதி வித்தியாசம் எங்கே போகிறது? இரண்டு காரணம்.

கொல்லன் பட்டறையில் காய்ச்சிய இரும்பை வெளியே எடுத்துவைத்தால் மஞ்சள் போய்ச் சிவப்பாகி, பிறகு கருத்துவிடும். கருத்த பிறகும் கை வைக்க முடியாது. வெப்பம் வந்துகொண்டேதான் இருக்கிறது, கண் அதைப் பார்ப்பதில்லை. மீராவும் 3,000 கெல்வினில் தன் ஆற்றலில் பெரும்பகுதியை அகச்சிவப்பாகத்தான் கொட்டுகிறது. நம் கண்ணுக்கு எட்டுவது ஓரத்தில் இருக்கும் சிறு பங்கு. வெப்பநிலை சில நூறு பாகை இறங்கினாலும் அந்தச் சிறு பங்கு வெகுவாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் அழகானது. குளிர்ந்த வேளையில், விண்மீனின் வெளிக் காற்றில் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்து டைட்டானியம் ஆக்சைடு என்ற மூலக்கூறு ஏராளமாக உருவாகிறது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே விழுங்கிவிடும். மீண்டும் சூடேறும்போது மூலக்கூறு உடைந்து திரை விலகுகிறது. வெயிலுக்குப் பூசும் களிம்பு சிலவற்றிலும் வெள்ளைச் சுவர்ப் பூச்சிலும் டைட்டானியத்தின் வேறொரு ஆக்சைடுதான் இருக்கிறது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையைப் பார்த்தால், சூரியனுக்கு மெல்லிய கருங்கோடுகள் இருக்கும் இடத்தில் மீராவுக்கு அகல அகலமான கரும்பட்டைகள் இருக்கும். அந்தப் பட்டைகள் இந்த மூலக்கூறின் கைவேலை.

ஆகவே மீரா மறைந்துவிட்டது என்று நாம் சொல்லும் இரவிலும், அகச்சிவப்புக் கருவிக்கு அது வானின் மிகப் பிரகாசமான விண்மீன்களில் ஒன்றாகவே தெரியும்.

சரி, ஏன் விரிந்து சுருங்க வேண்டும்?

சோற்று உலை கொதிக்கும்போது மூடி எழுந்து எழுந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நீராவி சேர்கிறது, மூடியைத் தூக்குகிறது, ஆவி வெளியேறுகிறது, மூடி விழுகிறது, மறுபடி ஆவி சேர்கிறது. மீராவில் ஹைட்ரஜன் அடுக்கு ஒன்று மூடியின் வேலையைச் செய்கிறது. அமுங்கும்போது அது வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அழுத்தம் கூடி மேல் அடுக்குகள் உயர எழுகின்றன. எழுந்ததும் வெப்பம் தப்பிவிடுகிறது, தாங்க ஆள் இல்லாமல் அடுக்குகள் திரும்ப விழுகின்றன. ஒரு சுற்று முடிய 332 நாள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அதிர்ச்சி அலை மேற்பரப்பைத் தாண்டி வெளியே ஓடுகிறது. அந்த அலை வாயுவை உயரத் தூக்கிக்கொண்டு போய்விடும். மீரா தன் உடலை இழப்பதற்கு முதல் படி இதுதான்.

எவ்வளவு பெரியது? கற்பனையே செய்ய முடியவில்லையே.

சூரியனை இரண்டு மில்லிமீட்டர் கடுகாக வைத்துக்கொள்ளுங்கள். மீரா எழுபது சென்டிமீட்டர் உருண்டை. கல்யாண வீட்டுச் சமையலில் வைக்கும் பெரிய அண்டாவின் வாயகலம். சூரியன் இருக்கும் இடத்தில் மீராவை வைத்தால் புதன், வெள்ளி, பூமி மூன்றும் உள்ளே போய்விடும், விளிம்பு செவ்வாயின் பாதையை ஒட்டி வரும். சூரியனின் குறுக்களவைக் கடக்க ஒளிக்கு ஐந்து வினாடிகூட ஆகாது. மீராவைக் கடக்க அரை மணி நேரம் பிடிக்கும்.

ஆனால் அந்த அண்டா அளவு உருண்டைக்குள் இருக்கும் பொருள், ஒன்றே கால் கடுகுக்கும் குறைவு. அதனால் சராசரி அடர்த்தி, நாம் மூச்சுவிடும் காற்றின் அடர்த்தியில் சுமார் முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான். பள்ளி ஆய்வகத்து வெற்றிடப் பம்பு வைத்து உறிஞ்சிய குடுவை மாதிரி இருக்கும். மேற்பரப்பு என்று நாம் சொல்வதும் ஒரு வசதிக்காகத்தான். அங்கே கால் வைக்கத் தரை இல்லை, மங்கி மங்கிக் கரையும் வாயுதான் இருக்கிறது. அங்கே ஈர்ப்பு விசையும் மிகக் குறைவு. பூமியில் 60 கிலோ காட்டும் ஆள் அங்கே 16, 17 கிராம்தான் காட்டுவார். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லை. வெளி அடுக்குகளை விண்மீனால் கெட்டியாகப் பிடித்துவைக்க முடியாமல் போவது இதனால்தான்.

தொலைவை ஏன் எப்போதும் ‘சுமார்’ என்றே சொல்கிறீர்கள்?

விண்மீனின் தொலைவை நேரடியாக அளக்க முக்கியமான வழி ஒன்று உண்டு. பூமி சூரியனைச் சுற்றும்போது, ஆறு மாத இடைவெளியில் அந்த விண்மீன் வானில் எவ்வளவு நகர்ந்து தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் அளவீடுகளிலிருந்துதான் 300 ஒளியாண்டு என்ற மதிப்பு வந்தது. மீராவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் வட்டு பூமியின் பாதையைவிடப் பெரியது. அதனால் நகர்ச்சி என்று நாம் அளக்கும் தூரம், விண்மீனின் சொந்த அகலத்தைவிடச் சிறியது. அந்த அகலமும் மாறுகிறது, வட்டில் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கிறது, நடுப்புள்ளி எது என்பதே நகர்ந்துகொண்டிருக்கிறது. தூரத்தில் ஆடும் பெரிய மரத்தின் நடுவை விரல் நுனி அளவுக்குத் துல்லியமாகச் சொல்லச் சொன்னால் எப்படியோ, அப்படி.

உள்ளே என்ன நடக்கிறது?

நடுவில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த, பூமி அளவே உள்ள ஒரு கரு. அதில் எந்த எரிதலும் இல்லை. அதைச் சுற்றி ஹீலியம் ஓடு, அதற்கு வெளியே ஹைட்ரஜன் ஓடு. இந்த இரண்டு ஓடுகளும்தான் அடுப்பு. பெரும்பாலான காலம் ஹைட்ரஜன் ஓடு எரிந்து, ஹீலியச் சாம்பலை உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். சாம்பல் போதுமான அளவு சேர்ந்ததும் ஹீலியம் சட்டென்று பற்றிக்கொள்ளும். பல்லாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்தச் சீற்றத்துக்கு வெப்பத் துடிப்பு என்று பெயர். மேலே சொன்ன 332 நாள் துடிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தோலில் நடப்பது, இது வயிற்றில் நடப்பது.

இந்தச் சீற்றத்தின்போது உள்ளே புதுத் தனிமங்கள் சமைக்கப்படுகின்றன, வெளி அடுக்குகளின் கலங்கல் அவற்றை மேலே கொண்டு வருகிறது. இதற்கு நேரடிச் சான்று உண்டு. டெக்னீஷியம் என்ற தனிமத்துக்கு நிலையான வடிவமே கிடையாது. இந்த விண்மீன்களில் உருவாகும் வகை, சுமார் 2,11,000 ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடும். 1952-இல் பால் மெரில் சில சிவப்பு அரக்கன்களின் நிறமாலையில் டெக்னீஷியத்தின் கோடுகளைக் கண்டார். பல நூறு கோடி வயதுள்ள விண்மீனில் அது பிறக்கும்போதே இருந்த டெக்னீஷியம் இன்று மிச்சம் இருக்க வழியே இல்லை. ஆகவே சமீபத்தில் அங்கேயே உருவானதுதான். விண்மீன்கள் தனிமங்களை உருவாக்குகின்றன என்பதைக் கண்ணால் பார்த்த முதல் தருணம் அது.

மீராவுக்கு வால் இருக்கிறது என்கிறார்களே?

உண்மைதான். 13 ஒளியாண்டு நீள வால். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனின் தொலைவைப் போல மூன்று மடங்கு. வானில் நான்கு முழுநிலவை வரிசையாக வைத்த நீளத்துக்குப் படர்ந்திருக்கிறது.

மேற்பரப்பிலிருந்து அதிர்ச்சி அலைகள் தூக்கிவிட்ட வாயு, குளிர்ந்து தூசாக உறைகிறது. ஒளி அந்தத் தூசைத் தள்ளுகிறது, தூசு வாயுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. இப்படி மீரா இழக்கும் நிறை பத்தாண்டுக்கு ஒரு பூமி அளவு. ஆண்டுக் கணக்கில் சொன்னால் எட்டு நிலவு. அதே சமயம் விண்மீன் வினாடிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் விண்வெளியின் மெல்லிய வாயுவைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. கழன்ற பொருள் பின்னால் வாலாக நீள்கிறது. வாலின் நுனியில் இருப்பது சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் மீராவை விட்டுப் பிரிந்தது. நம் முன்னோர் கல்லாயுதம் ஏந்தித் திரிந்த காலம்.

நானூறு ஆண்டு எல்லோரும் உற்றுப் பார்த்த விண்மீனுக்கு இப்படி ஒரு வால் இருப்பது 2007-இல்தான் தெரிந்தது. நாசாவின் கேலக்ஸ் செயற்கைக்கோள் புற ஊதா ஒளியில் வானத்தைப் படமெடுத்தபோது சிக்கியது. புற ஊதாவில் மட்டும்தான் அது அப்படித் தெரிகிறது. காற்றுமண்டலம் அந்த ஒளியைத் தடுத்துவிடுவதால் தரையிலிருந்து பார்க்க முடியாது. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, மாடியிலிருந்து நான் ஒரு புள்ளியாகக் குறித்துவந்தது நினைவுக்கு வந்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் புள்ளிக்குப் பின்னால் கார்பனும் ஆக்சிஜனும் நீண்டு கிடக்கிறது. புது விண்மீன்களும் கோள்களும் உருவாக வேண்டிய சரக்கு அது.

இதற்குத் துணை விண்மீன் உண்டா?

உண்டு. 1923-இல் ராபர்ட் எய்ட்கன் தொலைநோக்கியில் அதைப் பார்த்தார். நிறமாலையில் ஏதோ கலப்பு இருக்கிறது என்று அதற்கு முன்பே ஆல்ஃபிரட் ஜாய் சந்தேகித்திருந்தார். துணை ஒரு வெள்ளைக் குள்ளன், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் மிஞ்சிய கரு. மீரா உதிர்க்கும் வாயுவில் ஒரு பகுதியை அது தன்னைச் சுற்றித் தட்டாகச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது 1995-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம். அதில் மீரா உருண்டையாக இல்லை, ஒரு பக்கம் துருத்திக்கொண்டு இருந்தது.

திருவாதிரை போல இதுவும் வெடிக்குமா?

வெடிக்காது. திருவாதிரையும் சிவப்புதான், பெரியதுதான், ஆனால் நிறையில் பல மடங்கு கனமானது. சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறை இருந்தால்தான் அப்படிப்பட்ட முடிவு வரும். மீராவின் வெளி அடுக்குகள் காற்றாகக் கழன்று போகும். கடைசியில் உள்ளே இருந்த கரு வெளிப்பட்டு, கழன்ற வாயுவை ஒளிரச் செய்யும்; அதற்குக் கோள்வடிவ நெபுலா என்று பெயர். அதுவும் கலைந்த பின் ஒரு வெள்ளைக் குள்ளன் மிஞ்சும். அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் சில டன் இருக்கும். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக் குள்ளன் இருப்பதால், மீரா நாளை என்ன ஆகும் என்பதை அதன் துணையிலேயே பார்க்கலாம்.

நம் சூரியனும் இப்படி ஆகுமா?

ஆகும். இன்னும் 500 கோடி ஆண்டு கழித்து ஊதத் தொடங்கும். மீராவின் கட்டத்தை எட்டுவது அதற்கும் பின்னால்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வகை விண்மீன்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. பலருக்குத் தெரியாமல் போனது எனக்கு வருத்தம். மேலே சொன்ன மதராஸ் வானாய்வகத்தில் போக்சனின் கீழ் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் வேலை பார்த்தார். இளம் வயதிலேயே அங்கே சேர்ந்து, முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தவர். 1867-இல் அவர் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். மீராவைப் போன்றே துடிக்கும் முதிய சிவப்பு அரக்கன். உச்சத்தில்கூட வெறும் கண்ணுக்கு எட்டாது. சுமார் 280 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, அடிமட்டத்தில் பொலிவெண் 14-க்குப் போய்விடும்.

அது தென்வானில் வெகு கீழே இருக்கும் விண்மீன். சென்னையிலிருந்து பார்த்தால், அது எட்டும் அதிகபட்ச உயரமே அடிவானத்திலிருந்து 14 பாகைதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி 10 பாகை. ஒன்றரை முஷ்டிகூட இல்லை. கடற்கரை ஊரின் ஈரக் காற்று, அடிவானத்துப் புகைமூட்டம், இவற்றுக்கு நடுவே அந்தச் சிறு புள்ளியின் பொலிவு முன்பு குறித்ததோடு ஒத்துப்போகவில்லை என்று அவர் கவனித்திருக்கிறார். ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் குறிப்பெடுத்தவருக்குத்தான் இது கண்ணில் படும். 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதை மக்களுக்கு விளக்க ஒரு சிறுநூலும் எழுதினார்.

அவர் வேலை பார்த்த இடத்தில் இப்போது வானிலை மையம் இருக்கிறது. பழைய தொலைநோக்கியைத் தாங்கிய, தமிழிலும் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது.

மீராவை எப்போது, எங்கே பார்ப்பது?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. டிசம்பர் நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட தலைக்கு மேல், சற்றுத் தெற்கே சாய்ந்து இருக்கும். கார்த்திகையின் அறுமீனிலிருந்து தென்மேற்காக இறங்குங்கள். இரண்டு முஷ்டிக்குச் சற்று அதிகம் இறங்கினால் மென்கர் என்ற ஆரஞ்சு விண்மீன் வரும். அதிலிருந்து மேற்கே, கொஞ்சம் தெற்காக, ஒரு முஷ்டிக்கு மேல் போனால் மீராவின் இடம். இருபத்தேழு நட்சத்திரங்களில் இது சேராது, அதனால் பஞ்சாங்கத்தில் தேட வேண்டாம்.

இன்னொன்று: சுற்று 332 நாள் என்பதால் உச்சம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாதம் போல முன்னே வரும். சில ஆண்டுகளில் உச்சம் ஏப்ரல், மே மாதங்களில் விழும். அப்போது சூரியன் அந்தப் பக்கம் இருப்பதால் பார்க்க வழியில்லை. அப்படிப்பட்ட காலத்தில் மனம் சோராமல் ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

பொலிவை எப்படி மதிப்பிடுகிறீர்கள்? கருவி வேண்டாமா?

கண் போதும். விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் மாடியில் படுத்திருப்பேன். கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். குறிப்பெடுக்க, சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிய டார்ச். வெள்ளை வெளிச்சம் ஒரு கணம் பட்டாலும் இருபது நிமிடமும் வீண்.

பிறகு மீராவைப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட வேண்டும். மென்கர் 2.5. அதன் பக்கத்திலேயே, அதே திமிங்கிலக் கூட்டத்தில், காமா சீட்டி 3.5, டெல்டா சீட்டி 4.1. காமாவைவிட மங்கல், டெல்டாவைவிடப் பிரகாசம், இரண்டுக்கும் நடுவில் காமாவின் பக்கம் சாய்வு என்று தோன்றினால் 3.7 என்று எழுதுவேன். தேதி, மணி, அந்த எண், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. மீரா சிவப்பு. சிவப்பு விண்மீனை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணில் ஒளி சேர்ந்துகொண்டே போய், உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியத் தொடங்கும். என் முதல் ஆண்டுக் குறிப்புகள் பாதி இப்படித்தான் கெட்டன. பார்வையைச் சட்டென்று ஒருமுறை ஓட்டி, உடனே அடுத்த விண்மீனுக்குப் போய்விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி மாறி மாறிப் பார்த்து, முதலில் தோன்றியதையே எழுதுங்கள்.

எழுதியதை வீட்டோடு வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம், உலகின் எந்த மூலையிலிருந்து அனுப்பினாலும் இந்த மதிப்பீடுகளைச் சேர்த்துக்கொள்கிறது. மீராவின் ஒளி வளைகோட்டில் உள்ள புள்ளிகளில் எண்ணற்றவை, எந்தப் பட்டமும் இல்லாதவர்கள் வெறும் கண்ணால் பார்த்து வைத்தவை.

மங்கிய மாதங்களில் ஒன்றும் தெரியாதா?

நகரை விட்டு விலகிய இருண்ட இடத்தில், 50 மில்லிமீட்டர் பைனாகுலரில் கஷ்டப்பட்டுத் தெரியும். சிறு தொலைநோக்கி இருந்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் மீராவுக்கு வெகு அருகிலேயே, 9-ஐ ஒட்டிய பொலிவெண்ணில் சம்பந்தமில்லாத வேறொரு விண்மீன் இருக்கிறது. அடிமட்டத்தில் மீராவும் அதுவும் ஏறத்தாழ ஒரே அளவாகிவிடும், எது எது என்று தடுமாறும். நிறத்தைப் பாருங்கள். இரண்டில் செம்பு நிறமாக இருப்பது மீரா.